பிள்ளை பெற்ற பிறகு எடைப் பயிற்சி: முன்னேறுகிறோம் என்று எதை வைத்துச் சொல்வது?

குழந்தை பிறந்து ஐந்தாறு மாதம் கழித்து டம்பெல்லைக் கையில் எடுக்கிற பெண்ணிடம் "இப்போ எவ்வளவு தூக்குறே?" என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனை கிலோ குறைஞ்சிருக்கே?" என்றுதான் கேட்கிறார்கள். சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், ஆபீஸில் கேட்கிறார்கள், சில இடங்களில் ஜிம் பயிற்சியாளரே அதைத்தான் கேட்கிறார். கர்ப்பத்துக்கு முன்னால் பயிற்சி செய்துகொண்டிருந்தவர் என்றால் மனசுக்குள் இன்னொரு கணக்கும் ஓடும்: அன்றைக்கு 40 கிலோ பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தேனே, இன்றைக்கு 10 கிலோவுக்கே கால் நடுங்குகிறதே.

இந்த இரண்டு அளவுகோலும் பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வருஷத்துக்குச் சரிப்படாது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற பயிற்சியை "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று பாதியில் நிறுத்த வைப்பவை பெரும்பாலும் இவைதான் என்பதால் எனக்கு இவற்றின் மேல் கோபமே உண்டு. எதை அளந்தால் உண்மை தெரியும், ஏன் அதை அளக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து சொல்கிறேன். இதுவரை டம்பெல்லைத் தொட்டதே இல்லை என்பவருக்கும் புரியும்.

## தடுப்பூசி அட்டையில் இருக்கும் கோடு

குழந்தையின் தடுப்பூசி அட்டையைத் திறந்தால், வளைந்து மேலே ஏறும் கோடுகள் போட்ட ஒரு பக்கம் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சி அளவீடுகளை வைத்து வரைந்தது அது. ஒவ்வொரு முறை போகும்போதும் எடை பார்த்து அதில் ஒரு புள்ளி வைப்பார்கள். குழந்தை டாக்டர் அந்தப் பக்கத்தை எப்படிப் படிக்கிறார் என்று கொஞ்சம் கவனியுங்கள்.

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறையும். பிறந்த எடையில் 7 முதல் 10 சதவீதம் வரைகூடக் குறையலாம், பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் அதைத் திரும்பப் பிடித்துவிடும். இந்த இறக்கம் எதிர்பார்த்ததுதான் என்பதால் டாக்டர் பதறுவதில்லை, கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம், ஒரே ஒரு நாள் எடையை வைத்து அவர் எதுவும் முடிவு செய்வதில்லை. சளி பிடித்த வாரம் ஏறவில்லையா, சரி, அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அவருக்கு வேண்டியது புள்ளிகளைச் சேர்த்தால் வரும் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பது. அதோடு எடையை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவதும் இல்லை. நீளம் அளப்பார், தலைச் சுற்றளவு அளப்பார், கழுத்து நின்றுவிட்டதா, குப்புற விழுந்தாளா என்று கேட்பார். பக்கத்து வீட்டுக் குழந்தை எத்தனை கிலோ என்று மட்டும் கேட்கவே மாட்டார்.

பிள்ளை பெற்றவளின் உடம்பையும் இப்படித்தான் படிக்க வேண்டும். முதலில் ஒரு இறக்கம் இருக்கும், அது இயல்பு. அந்த இறக்கத்தின் அடியில் இருக்கும் புள்ளிதான் தொடக்கம், கர்ப்பத்துக்கு முந்தைய எண் தொடக்கம் இல்லை. ஒரு நாளைப் பார்க்காமல் நாலைந்து வாரக் கோட்டைப் பார்க்க வேண்டும். எடை தவிர வேறு சிலவற்றையும் அளக்க வேண்டும்.

## எடைப் பயிற்சியில் முன்னேற்றம் என்றால் என்ன

உடம்பு தன்னிடம் கேட்கப்படும் வேலைக்குத் தகுந்தாற்போல் தன்னை மாற்றிக்கொள்கிறது. கேட்கும் வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால் வலிமையும் கூடும், வேலை அப்படியே நின்றால் வலிமையும் அங்கேயே நிற்கும். இதற்குப் படிப்படியான சுமையேற்றம் என்று பெயர். ஜிம்மில் 'ப்ராக்ரெசிவ் ஓவர்லோட்' என்பது இதைத்தான். இதை ஒரு முறையாக்கிப் பரப்பியவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1940-களில் இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களின் கால் தசைகளைத் தேற்ற, எடையை வாரா வாரம் ஏற்றிப் பயிற்சி கொடுத்தார். ஆக எடைப் பயிற்சி இன்றைய வடிவத்துக்கு வந்ததே அடிபட்ட உடம்பைத் தேற்றும் வேலையில்தான். பிள்ளை பெற்றவர் அதைக் கையில் எடுப்பதில் விசித்திரம் ஒன்றும் இல்லை.

இரண்டு சொல் தெரிந்துகொண்டால் போதும். ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தால் அது ஒரு ரெப். நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ரெப்களின் கூட்டம் ஒரு செட். "8 ரெப், 3 செட்" என்றால் எட்டு தடவை செய்து ஓய்வு, மறுபடி எட்டு, ஓய்வு, மறுபடி எட்டு.

பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இந்த இடத்தில்தான். சுமையேற்றம் என்றால் டம்பெல்லின் எடையை ஏற்றுவது என்று மட்டும் நினைக்கிறார்கள். அதே எடையில் ரெப் கூடினாலும் ஏற்றம்தான். இன்னும் ஆழமாக உட்கார்ந்து எழ முடிந்தாலும், நாற்காலியைப் பிடிக்காமல் முடிந்தாலும், செட்டுகளுக்கு நடுவில் மூன்று நிமிஷம் தேவைப்பட்டது ஒன்றரை நிமிஷமாகக் குறைந்தாலும் ஏற்றம்தான்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பயிற்சியாளர்கள் பலர் பயன்படுத்தும் எப்லி சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் ஒரே ஒரு முறை அதிகபட்சமாக எவ்வளவு தூக்குவார் என்பதை, தூக்கிப் பார்க்காமலே மதிப்பிட உதவும். முடிந்த ரெப்பை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். 20 கிலோவை முடிந்தமட்டும் 5 ரெப் செய்தால் மதிப்பு சுமார் 23.3 கிலோ. 17.5 கிலோவை 10 ரெப் செய்தாலும் அதே 23.3 கிலோ. சின்ன டம்பெல் எடுத்திருக்கிறோமே என்று கூச்சப்பட ஒன்றுமே இல்லை. அதே 20 கிலோவில் 5 ரெப் முடிந்தவருக்கு 8 ரெப் முடிந்தால் மதிப்பு 25.3 ஆகிறது, டம்பெல் மாறாமலே வலிமை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இது தோராயக் கணக்குதான், பத்து ரெப்புக்கு மேல் போனால் அவ்வளவு நம்ப முடியாது. ஆனாலும் எடை ஏறாத வாரங்களில் என்ன நடக்கிறது என்று காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

நம் ஊர் ஜிம்களில் டம்பெல்கள் பெரும்பாலும் 2.5 கிலோ இடைவெளியில்தான் இருக்கும். 5 கிலோவிலிருந்து 7.5 கிலோவுக்குப் போனால் அது ஒரே தாவலில் 50 சதவீத ஏற்றம்! 40 கிலோ தூக்குகிறவர் ஒரே நாளில் 60-க்குப் போவது போலத்தான், யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அதனால் கீழ் எடைகளில் இருப்பவர் முதலில் ரெப்பை 8-லிருந்து 12, 15 வரை ஏற்றிவிட்டு அப்புறம் அடுத்த டம்பெல்லுக்குப் போவதுதான் சரி.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தொடக்கப் புள்ளி பிரசவத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து எடை, ரெப், ஆழம், ஓய்வு நேரம் எதில் ஏற்றம் வந்தாலும் அது முன்னேற்றம்.

## பிரசவம் உள்ளே என்ன மாற்றுகிறது

நம்மூரில் பிள்ளை பெற்றவளைப் 'பச்சை உடம்பு' என்பார்கள். பூண்டுக் குழம்பும் பத்தியச் சாப்பாடும் கொடுத்து நாற்பது நாள் உட்கார வைப்பார்கள். ஓய்வு வேண்டும் என்ற அளவில் அது மிகச் சரி. கர்ப்பத்தின் கடைசியில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும் கர்ப்பப்பை, சுருங்கிப் பழைய அளவுக்கு வரவே ஆறு வாரம் ஆகும். ஆனால் நாற்பது நாள் முடிந்தால் எல்லாம் பழையபடி என்று நினைப்பது தப்பு. காரணம், வலிமையோடு தொடர்புள்ள மற்ற பாகங்கள் வேறு வேறு வேகத்தில் தேறுகின்றன.

கனமான எதையாவது தூக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். இதை வயிற்று உள்ளழுத்தம் என்பார்கள். மேலே மூச்சுக்கான உதரவிதானம், முன்னாலும் பக்கங்களிலும் வயிற்றுத் தசைகள், பின்னால் முதுகுத் தசைகள், கீழே இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் மலக்குடலையும் அடியிலிருந்து தாங்கும் தசைகளுக்குத்தான் இடுப்புத் தளத் தசை என்று பெயர். இந்த நாலு பக்கமும் ஒன்றாக இறுகி அந்த அழுத்தத்தைப் பிடித்துவைத்தால்தான் முதுகெலும்பு ஆடாமல் நிற்கும், காலும் கையும் தங்கள் முழு பலத்தைக் காட்ட முடியும். கர்ப்பமும் பிரசவமும் இந்த நாலில் இரண்டை நேரடியாகத் தளர்த்திவிடுகின்றன: முன்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும்.

முன்பக்கம். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு பட்டைத் தசைகள் ஓடுகின்றன, நடுவில் ஒரு நார்த்திசு அவற்றை இணைக்கிறது. கர்ப்பப்பை பெரிதாகும்போது அந்த நார்த்திசு அகன்று மெலியும், பட்டைகள் விலகும். இந்த விலகலுக்கு டயஸ்டாசிஸ் ரெக்டை என்று பெயர். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஏறக்குறைய எல்லாருக்குமே ஓரளவு இருக்கும், எனவே இது நோயில்லை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்துத் தலையை லேசாகத் தூக்கினால் இடைவெளி கைக்குத் தட்டுப்படும். இரண்டு விரலும் அதற்கு மேலும் இருந்தால் விலகல் என்று பொதுவாகச் சொல்வார்கள். இயல்பாக மூடுவதில் பெரும்பகுதி முதல் எட்டு வாரத்தில் நடந்துவிடும், அதற்கப்புறம் மெதுவாகத்தான். இடைவெளி முழுதாக மூடாதவர்களும் நன்றாக வலிமை பெறுகிறார்கள், ஏனென்றால் அகலத்தைவிட அந்த நார்த்திசு விறைப்பாக நிற்கிறதா என்பது முக்கியம். விரலை வைத்து அழுத்தினால் முன்பு உள்ளே அமிழ்ந்தது, இப்போது எதிர்த்து நிற்கிறது என்றால் அது நல்ல முன்னேற்றம்.

அடிப்பக்கம். சுகப்பிரசவத்தில் இடுப்புத் தளத் தசைகள் தங்கள் நீளத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுபடுகின்றன. தும்மினால், சிரித்தால், எதையாவது தூக்கினால் சொட்டு மூத்திரம் கசிவதற்கு இதுதான் முக்கியக் காரணம். சிசேரியன் ஆனவர்களுக்கும் இது வரலாம், ஒன்பது மாதம் சுமந்ததன் பாரம் அவர்களுக்கும் உண்டே. இந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ல் எழுதினார், கெகல் பயிற்சி என்ற பெயரும் அதனால்தான் வந்தது. இறுக்குவதை மட்டும் சொல்லிக்கொடுத்துத் தளர்த்துவதை விட்டுவிடுகிறார்கள், அது அரைகுறைப் பாடம். ஒவ்வொரு இறுக்கத்துக்கும் ஒரு முழுத் தளர்வு வேண்டும்.

சிசேரியன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி சுமார் 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான். அதில் வயிற்றுத் தசையையே வெட்டிவிடுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வழக்கமான முறையில் பட்டைத் தசைகளை வெட்டுவதில்லை, இரண்டு பக்கமும் ஒதுக்குகிறார்கள். தோல், கொழுப்பு, தசையை மூடியிருக்கும் கெட்டியான உறை, கர்ப்பப்பைச் சுவர் ஆகியவை வெட்டித் தைக்கப்படுகின்றன. வெளித் தையல் இரண்டு வாரத்தில் காய்ந்துவிடும், ஆனால் அந்தக் கெட்டியான உறை ஆறு வாரத்தில் ஏறத்தாழ பாதி வலிமைக்குத்தான் வந்திருக்கும், மீதி வர இன்னும் மாதங்கள் ஆகும். தழும்பு அழகாக ஆறிவிட்டது என்பதை வைத்து உள்ளே எல்லாம் தயார் என்று சொல்லவே முடியாது.

சுருக்கமாக: கால் தசையோ கைத் தசையோ பலவீனமானதால் பழைய எடை கனக்கிறது என்று அவசியமில்லை. அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் முன்பக்கமும் அடிப்பக்கமும் இன்னும் தேறவில்லை என்பதால் கால் தன் பலத்தைக் காட்ட முடியாமல் இருக்கலாம்.

## முதலில் நரம்பு, பிறகு தசை

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் வலிமை மளமளவென்று ஏறும். தசை அதற்குள் பெரிதாகிவிடுவதில்லை. மூளையும் நரம்பும் ஏற்கெனவே இருக்கிற தசை நார்களை அதிக எண்ணிக்கையில், சரியான நேரத்தில் வேலைக்கு இழுக்கக் கற்றுக்கொள்கின்றன. மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-ல் இதைக் காட்டினார்கள்: ஆரம்ப ஏற்றம் பெரும்பாலும் நரம்பின் வேலை, தசை வளர்ச்சியின் பங்கு சில வாரம் கழித்துத்தான் பெரிதாகிறது.

இதைத் தெரிந்துவைத்திருப்பது ரொம்ப முக்கியம். முதல் இரண்டு மாதம் வாரா வாரம் ஏறிக்கொண்டிருந்த எண் மூன்றாவது மாதம் மெதுவாகும்போது, "தேங்கிப்போயிட்டேன்" என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். உண்மையில் வேகமான கட்டம் முடிந்து மெதுவான கட்டம் தொடங்கியிருக்கிறது. தசை நார் தடிப்பது அப்படித்தான் நடக்கும்.

முன்பே பயிற்சி செய்தவர்களுக்கு ஒரு ஆறுதல். நார்வேயில் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சனின் குழு 2010-ல் எலிகளை வைத்து ஒன்று கண்டது: பயிற்சியால் தசை நாருக்குள் கூடும் உட்கருக்கள் (நாரின் வளர்ச்சியை நடத்தும் மையங்கள்), தசை இளைத்த பிறகும் அழியாமல் அங்கேயே இருந்தன. மனிதர்களில் இது எந்த அளவுக்கு அப்படியே பொருந்தும் என்பதில் விவாதம் உண்டு. ஆனால் ஒருமுறை பெற்ற வலிமையைத் திரும்பப் பெறுவது முதல்முறை பெறுவதைவிடச் சீக்கிரம் நடக்கும் என்பது பயிற்சி செய்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அனுபவம்.

## குறிப்பேட்டில் எதை எழுதுவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், ஆப் எதுவும் வேண்டாம். தேதி, பயிற்சி, எடை, ரெப், செட் எல்லாரும் எழுதுவது. பிள்ளை பெற்றவர்கள் இன்னும் மூன்றை எழுத வேண்டும் என்பேன்.

ஒன்று, சிரம எண். செய்து முடித்த செட் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று 1 முதல் 10 வரை நீங்களே போடும் மார்க். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் 1960-களில் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். அவருடைய அளவு 6 முதல் 20 வரை இருந்தது, இப்போது ஜிம்களில் பத்து வரையிலான வடிவம்தான் புழங்குகிறது. 8 என்றால் இன்னும் இரண்டு ரெப் முடிந்திருக்கும், 10 என்றால் அதற்கு மேல் ஒன்றுகூட முடியாது.

இரண்டு, அறிகுறி. கசிவு இருந்ததா, அடியில் ஏதோ இறங்குவது போல் கனத்ததா, தூக்கும்போது வயிற்றின் நடுக்கோட்டில் நீளமாக ஒரு மேடு எழும்பியதா. மூன்று, மறுநாள் எப்படி இருந்தது, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனைப் பக்கம். டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழும் ஸ்குவாட். முதல் வாரம்: 8 கிலோ, 8 ரெப், 3 செட், சிரம எண் 8, கடைசி செட்டில் கசிவு, மறுநாள் அடிவயிறு கனம். ஐந்தாவது வாரம்: 8 கிலோ, 8 ரெப், 3 செட், சிரம எண் 6, கசிவு இல்லை, மறுநாள் ஒன்றும் இல்லை. எடையை மட்டும் எழுதியிருந்தால் இந்த இரண்டு வரியும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரு மாதம் வீண் என்று தோன்றும். ஆனால் இந்த நாலு வாரத்தில்தான் மிகப் பெரிய வேலை நடந்திருக்கிறது: அழுத்தத்தைத் தாங்காத அடித்தளம் தாங்கத் தொடங்கிவிட்டது. அடுத்தடுத்து இரண்டு பயிற்சி நாள் சிரம எண் ஆறு, ஏழுக்குள் இருந்து, அன்றும் மறுநாளும் அறிகுறி எதுவும் இல்லையென்றால் ஏற்றலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏற்றுங்கள், எடையோ ரெப்போ.

மூச்சையும் கவனிக்க வேண்டும். எழும்போது மூச்சை அடக்கித் தம் கட்டினால் உள்ளழுத்தம் ஒரேயடியாக எகிறும். ஆரம்ப மாதங்களில் எழும்போதே மூச்சை வெளியே விடப் பழகினால் கசிவும் வயிற்று மேடும் பலருக்கு அதிலேயே குறைந்துவிடும். நேற்று தம் கட்டித் தூக்கிய அதே எடையை இன்று மூச்சை விட்டபடி தூக்க முடிகிறது என்பதையும் நோட்டில் எழுதுங்கள், அதுவும் ஏற்றம்தான்.

## எடை மெஷின் ஏன் குழப்புகிறது

பிரசவம் முடிந்ததும் குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், ரத்தம் என்று ஐந்தாறு கிலோ போய்விடும். கர்ப்பத்தில் உடம்பில் சேர்ந்த உபரி நீர் அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் வெளியேறும். இதில் எதுவும் கொழுப்பு இல்லை, எதுவும் உங்கள் முயற்சியும் இல்லை. அதனால் முதல் மாதம் வேகமாகக் குறைந்து பிறகு மெதுவாவதைப் பார்த்துத் தோற்றுவிட்டதாக நினைக்கத் தேவையில்லை. பயிற்சி தொடங்கிய பிறகு தசை கூடிக் கொழுப்பு குறைந்தால் மெஷின் முள் அசையாமலே ஜாக்கெட் தளரலாம். மெஷினைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லவில்லை. அது காட்டுவது எடையை, வலிமையை அதனிடம் கேட்க முடியாது.

## பால், தூக்கம், இரும்புச் சத்து

எடை தூக்கினால் பால் வற்றிவிடும் என்று சொல்லாத வீடு இல்லை. மிதமான பயிற்சியால் பாலின் அளவும் குறைவதில்லை, குழந்தையின் வளர்ச்சியும் பாதிப்பதில்லை. பாலைக் குறைப்பது பட்டினி. முதல் ஆறு மாதம் பால் கொடுப்பவருக்கு வழக்கத்தைவிட நாளுக்குச் சுமார் 600 கலோரி அதிகம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். இந்தக் காலத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே பயிற்சியையும் கூட்டினால் எண்கள் இறங்கத்தான் செய்யும், தப்பு பயிற்சியில் இல்லை.

தூக்கமும் அப்படித்தான். இரவில் நாலு தடவை எழுந்தவருக்கு, போன வாரம் 6 ஆக இருந்த அதே எடையின் சிரம எண் இன்று 9 ஆகலாம். வலிமை எங்கும் போய்விடவில்லை, அன்றைக்கு வெளிவரவில்லை. அந்த நாளில் எடையைக் குறைத்துச் செய்துவிட்டு, தூங்கிய மணி நேரத்தைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். குழந்தைக்குப் பல் முளைக்கும் வாரத்தில் கோடு ஏன் இறங்கியது என்று பின்னால் திருப்பிப் பார்க்கும்போது தெரியும்.

நன்றாகச் சாப்பிட்டு, ஓரளவு தூங்கியும், வாரக் கணக்கில் எதுவும் ஏறவில்லை, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதே 2019-21 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பிரசவத்தில் ரத்தம் போனவர்களுக்கு இன்னும் எளிதாக வரும். சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் தைராய்டும் மாறும். ஹீமோகுளோபின் 9-ல் இருப்பவரிடம் "மனசு வெச்சா முடியும்" என்று சொல்வது கொடுமை.

## ஜிம் இல்லாதவர்களுக்கு

வீட்டிலேயே சுமை ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை ஐந்து மாதத்தில் ஏறத்தாழ இரு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு ஆகிவிடும், அதாவது ஒன்பது கிலோவைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை தூக்குகிறீர்கள். இதுவும் படிப்படியான சுமையேற்றம்தான். என்ன, எப்போதும் ஒரே பக்க இடுப்பில், ஒரே கையில், வளைந்த முதுகோடு நடப்பதால் பலன் குறைந்து முதுகுவலி மிஞ்சுகிறது. முழங்காலை மடக்கி, குழந்தையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டபடி எழுந்து பாருங்கள், டெட்லிஃப்ட் என்று ஜிம்மில் சொல்லித்தருவதன் அடிப்படை அதுதான்.

இருபது லிட்டர் தண்ணீர் கேன் நல்ல அளவுகோல், இருபது கிலோவுக்குச் சற்று மேல், எல்லார் வீட்டிலும் ஒரே எடை. முதலில் அதைத் தரையில் உருட்டித்தான் நகர்த்தினீர்கள், பிறகு இரண்டு கையால் முழங்கால் உயரத்துக்குத் தூக்க முடிந்தது, பிறகு டிஸ்பென்சரில் கவிழ்க்கவே முடிந்தது, அதுவும் கசிவில்லாமல் என்றால் அது தேதி போட்டு நோட்டில் எழுத வேண்டிய சாதனை. நிரம்பிய கேஸ் சிலிண்டர் முப்பது கிலோ வரை வரும், அதை முதல் வருஷத்தில் சோதனைக்கு எடுக்க வேண்டாம், வீட்டில் இருக்கும் இன்னொருவர் நகர்த்தட்டும்.

## எப்போது தொடங்கலாம், எப்போது நிறுத்த வேண்டும்

நடையும் மூச்சுப் பயிற்சியும் லேசான இடுப்புத் தளப் பயிற்சியும் சிக்கல் இல்லாத பிரசவம் என்றால் முதல் வாரங்களிலேயே மெல்லத் தொடங்கலாம். எடை தூக்குவது ஆறு வாரப் பரிசோதனைக்குப் பிறகு, டாக்டர் சரி என்ற பிறகு. சிசேரியன் என்றால் இன்னும் பொறுமையாக. ஓடுவது, குதிப்பது மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம் என்று பிரிட்டனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட்கள் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது.

ரத்தப்போக்கு மறுபடி அதிகமானால், தழும்பு சிவந்து வலித்தால், காய்ச்சல் வந்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சுவலியோ காரணமில்லாத மூச்சுத்திணறலோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். அடியில் ஏதோ வெளியே வருவது போன்ற உணர்வோ கசிவோ நீடித்தால் பெண்கள் நலம் பார்க்கும் பிசியோவிடம் போங்கள். பிள்ளை பெற்றால் இப்படித்தான் இருக்கும் என்று வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு இது குணமாகக்கூடியது.

## பழைய எண்ணை எப்போது எடுத்துப் பார்ப்பது

மேரி கோமை இழுக்காத பேச்சே இல்லை: இரட்டைக் குழந்தை பெற்றுவிட்டு உலக சாம்பியன் ஆகவில்லையா? ஆனார். 2007 ஆகஸ்டில் குழந்தைகள் பிறந்தன, 2008 நவம்பரில் சீனாவின் நிங்போவில் தங்கம் வென்றார். குத்துச்சண்டையையே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கே ஒரு வருஷத்துக்கு மேல் இடைவெளி இருந்தது என்பதை அந்தப் பேச்சில் யாரும் சொல்வதில்லை.

கர்ப்பத்துக்கு முந்தைய எண்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள், முன் பக்கங்களில் வேண்டாம். ஒரு வருஷம் கழித்து, இரண்டு மாதமாக அறிகுறி எதுவும் இல்லாமல் ஒழுங்காகப் பயிற்சி நடந்திருந்தால், சுமாராகத் தூங்கிய ஒரு நாளில் சோதித்துப் பார்க்கலாம். ஒரே ஒரு ரெப் அதிகபட்சம் முயலாதீர்கள், ஐந்து ரெப் வருமளவு எடை வைத்து, எட்டு சிரம எண்ணில் நிறுத்திக்கொண்டு, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். எட்டில் நிறுத்தினால் இன்னும் இரண்டு ரெப் பாக்கி இருக்கிறது, அதையும் கூட்டி ஏழு என்று போட வேண்டும். 30 கிலோ வைத்தவருக்கு அப்படிப் போட்டால் 37 வரும். அந்த 37-ஐ முதல் வாரத்தில் எழுதிய 8 கிலோ வரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். பழைய எண் இன்னும் தூரத்தில் இருந்தால் எட்டு வாரம் கழித்து மறுபடி சோதிக்கலாம், அதற்கு நடுவில் சோதித்துக்கொண்டே இருந்தால் பயிற்சிக்கு வேண்டிய தெம்பு சோதனையிலேயே போய்விடும்.